ஏழில் மீதி ஒன்று

தேநீரில் சர்க்கரை குறைவாகத்தான் போட்டிருக்கிறேன். உங்களுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்று தம்பி சொல்லியிருக்கிறான். ஆறுவதற்குள் குடியுங்கள். அந்தச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டாம், மேசைமேல் வையுங்கள். ஜன்னலைச் சாத்தியிருக்கிறேன், பறந்துபோகாது.

அவன் முடிவெட்டிக்கொள்ளப் போயிருக்கிறான். அடுத்த வாரம் மாப்பிள்ளை அல்லவா. முடிவெட்டுகிறவர் வாய் ஓயாதவர். இவனும் எண்ணைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் விடமாட்டான். இரண்டு பேருமாகச் சேர்ந்தால் தலையில் பாதி முடி வெட்டின நிலையில் பேச்சு ஒரு மணி நேரம் ஓடும். நமக்கு நேரம் இருக்கிறது.

நீங்கள் வாசலில் நின்றபடியே கேட்டீர்கள். "அக்கா, மெஷின்ல கடைசி மூணு இலக்கம் நானூத்தி முப்பத்துமூணுன்னு விழுது. அவரு எப்பவும் முந்நூத்தி நாப்பத்துமூணுன்னுதானே சொல்லுவாரு?" உங்கள் குரலில் கோபம் இல்லை. உங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் யாராவது உடைந்த கண்ணாடியைக் கொண்டுவந்து தானாகவே உடைந்துவிட்டது என்று சொல்லும்போது கேட்பீர்களே, அந்த மாதிரிதான் கேட்டீர்கள். அதனால்தான் எனக்கும் பதில் சொல்ல மனம் வந்தது. நல்லபடியாகக் கேட்டால் நான் எதையும் மறைக்கிறவள் இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

உங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன். முறையாகச் சொன்னால்தான் எனக்குச் சொன்ன மாதிரி இருக்கும்.

நானும் தம்பியும் வேலை பார்த்த அச்சகத்தில் கதைப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை எதுவும் அடிப்பதில்லை. எண்கள் மட்டும்தான். வாய்பாடு, வட்டிக் கணக்குப் பட்டியல், பகா எண்களின் அட்டவணை. நான் எழுத்துக் கோப்பவள். அவன் புரூஃப் பார்ப்பவன். எண் அச்சடிக்கிற இடத்தில் ஒரு விதி உண்டு. மூலத்தை ஒருவர் உரக்கப் படிக்க வேண்டும். மற்றவர் புரூஃபை மட்டும் பார்த்துத் திருத்த வேண்டும். திருத்துகிறவர் மூலத்தைக் கண்ணால் பார்க்கவே கூடாது. ஒரே கண் இரண்டையும் பார்த்தால், இருக்க வேண்டியதையே இருப்பதாக நினைத்துக்கொள்ளும் என்பார் முதலாளி. அதனால் தம்பி எந்த மூலத்தையும் பார்த்தவன் இல்லை. நான் படிப்பேன், அவன் கேட்பான். ஒவ்வொரு வரி முடிந்ததும் இலக்கங்களைக் கூட்டி நான் ஒரு தொகை சொல்வேன். அவனும் கூட்டிப் பார்ப்பான். இரண்டும் ஒத்துப்போனால் அடுத்த வரி.

அச்சகத்தில் அவனுக்கு மீதி என்று பேர். எதை வகுத்தாலும் கடைசியில் "மீதி இருக்கு" என்பான். சாப்பிட்டு எழும்போதும் அதையேதான் சொல்வான். நீங்கள்கூட முதல் நாளிலேயே அவனை மீதி சார் என்று கூப்பிட்டதாக வந்து சொன்னான். காது வரை சிவந்திருந்தது. மூக்கு அழுந்துகிறது என்று கண்ணாடியைச் சரிசெய்ய வந்தவன், அதன் பிறகு அந்த மாதத்திலேயே நான்கு முறை மூக்கு அழுந்திப் போய்வந்தான். எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. ஒரு மனிதனின் மூக்கு அவ்வளவு வேகமாக வளராது.

பிறகு அச்சகத்தை மூடினார்கள். கடைசி நாளில் ஆளுக்கொரு பொருளை எடுத்துக்கொள்ளச் சொன்னார் முதலாளி. ரசீதுகளில் வரிசை எண் குத்துகிற நம்பரிங் மெஷின் ஒன்று பத்துச் சக்கரங்களோடு இறுகிப்போய்க் கிடந்தது. எந்த எண்ணில் நின்றதோ அதிலேயே நின்றது. முன்னும் போகாது, பின்னும் வராது. யாருக்கும் வேண்டாத பொருளாயிற்றே என்று பாவப்பட்டு நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி ஒரு குணம். ஒற்றைச் செருப்பு கிடந்தால்கூடச் சுவரோரமாக எடுத்து வைத்துவிட்டுத்தான் போவேன்.

தம்பிக்கு ஒரே சந்தோஷம். பத்து இலக்க எண், நாங்கள் அச்சடித்த அட்டவணைக்கெல்லாம் அப்பாற்பட்டது. இது பகா எண்ணா, உடையக்கூடியதா என்று பார்க்க வேண்டும் என்றான். எண்களைப் பற்றி அவன் பேசினால் மனிதர்களைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். தொண்ணூற்றேழு நேர்மையானது, யாருக்கும் வளையாது என்பான். தொண்ணூற்றொன்று வேஷக்காரன், பார்க்கப் பகா எண் மாதிரி நிற்கும், உள்ளே ஏழும் பதின்மூன்றும் ஒளிந்திருக்கும் என்பான். இந்தப் பத்து இலக்கக்காரன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துகொள்ளாமல் அவனுக்குத் தூக்கம் வராது.

அதை உங்கள் கடையில் வந்து சொல்லியிருக்கிறான். சொன்ன கையோடு, எப்படித்தான் துணிச்சல் வந்ததோ, கல்யாணத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறான். நீங்கள் சிரித்துவிட்டு, "அது உடையுமா உடையாதான்னு தெரிஞ்சுக்கிட்டு வாங்க, பேசலாம்" என்றீர்கள். விளையாட்டுக்குச் சொன்னது என்று எனக்குத் தெரியும். அடுத்த வாடிக்கையாளர் காத்திருந்தார், உங்களுக்கு வெட்கமாகவும் இருந்திருக்கும். ஆனால் என் தம்பியிடம் விளையாட்டுக்குக்கூட ஒரு நிபந்தனையைச் சொல்லக்கூடாது. வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன் அக்கா என்றான். வாக்கு என்றால் அவனுக்கு உயிர். அப்படித்தான் வளர்த்திருக்கிறேன். அம்மா போனபோது அவனுக்குச் செருப்பு வார் மாட்டத் தெரியாது.

கை கழுவிவிட்டு வருகிறேன், மெஷினை எடுத்து வை, நீ படி, நான் எழுதிக்கொள்கிறேன் என்று உள்ளே போனான். நான் மெஷினை மடியில் வைத்துக்கொண்டேன். சக்கரத்தில் எண்கள் தலைகீழ்ப் பிம்பமாகத்தான் இருக்கும். எழுத்துக் கோத்த கண்ணுக்கு அது ஒரு பொருட்டில்லை. ஐந்து, ஏழு ஐந்து நான்கு, எட்டு ஐந்து மூன்று, நான்கு மூன்று மூன்று. ஐந்நூற்று எழுபத்தைந்து கோடியே நாற்பத்தெட்டு லட்சத்துச் சொச்சம்.

ஏழால் வகுபடுமா என்று பார்க்க எங்கள் அச்சகத்தில் ஒரு சுருக்கு வழி உண்டு. வலது பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரித்துக்கொண்டு, ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்து என்று போக வேண்டும். கடைசியில் வருகிற சின்ன எண் ஏழால் வகுபட்டால் பெரிய எண்ணும் வகுபடும். கோக்கிற கைக்கு அது மூச்சு விடுவது மாதிரி, வேண்டாம் என்றாலும் நடக்கும். நானூற்று முப்பத்துமூன்றில் எண்ணூற்று ஐம்பத்துமூன்றைக் கழித்தேன். எழுநூற்று ஐம்பத்துநான்கைக் கூட்டினேன். முன்னால் தனியாக நிற்கிற ஐந்தைக் கழித்தேன். முந்நூற்று இருபத்தொன்பது. நாற்பத்தேழு தடவை ஏழு.

உள்ளே குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவன் இன்னும் கைகூடத் துடைக்கவில்லை, எண் உடைந்துவிட்டது.

நீங்களே நினைத்துப் பாருங்கள். ஒரு குழந்தைக்கு வாங்கின பொம்மை, பொட்டலத்தைப் பிரிக்கும்போதே உடைந்து கிடந்தால் எப்படி இருக்கும்? பகா எண்களில் நான்காவதே ஏழுதான். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, முடிந்தது. அவன் பென்சிலைக்கூட இரண்டாவது முறை சீவியிருக்க மாட்டான். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தான். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எதிரே உட்கார்ந்து, "ம், சொல்லு" என்றான்.

நான் படித்தேன். ஐந்து, ஏழு ஐந்து நான்கு, எட்டு ஐந்து மூன்று. அங்கே ஒரு மூச்சு எடுத்துக்கொண்டேன். பிறகு, மூன்று நான்கு மூன்று என்றேன்.

பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறின. வேறொன்றும் இல்லை. எழுத்துக் கோப்பவர்கள் தினமும் செய்கிற பிழை. கூட்டுத் தொகை என்ன என்று கேட்டான். நாற்பத்தேழு என்றேன். அது உண்மை. இலக்கங்கள் இடம் மாறினால் தொகை மாறுவதில்லையே. அவனும் கூட்டினான், நாற்பத்தேழு, சரி என்று தலையாட்டினான். நான் வாயால் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தொகையில் பொய் இல்லை.

உடனே அவனும் அந்தச் சுருக்கு வழியைப் போட்டான். இருநூற்று முப்பத்தொன்பது வந்தது. "ஏழுல மீதி ஒண்ணு" என்றான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, வேடிக்கையப் பாரேன். கடைசி மூணு இலக்கம் முந்நூத்தி நாப்பத்துமூணு, ஏழேழு நாப்பத்தொம்பது ஏழு. வாசல்ல மூணு ஏழு காவலுக்கு உக்காந்திருக்கு, உள்ள ஒரு ஏழும் நுழைய முடியல." அந்தச் சிரிப்பை நீங்கள் கேட்டிருந்தால் என்மேல் கோபப்பட மாட்டீர்கள். அதற்காகவே செய்யலாம் போல இருந்தது.

சில நாள் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். பதினேழோ பத்தொன்பதோ பார்த்துக்கொள்ளும், எந்த எண்தான் அவ்வளவு நாள் தாங்கும் என்று இருந்தேன். அது பகா எண்ணாக இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதைக் கடவுளின் சித்தம் என்றுதான் சொல்ல வேண்டும். நான் இரண்டு இலக்கத்தைத்தான் மாற்றினேன். மீதியை அவர் பார்த்துக்கொண்டார்.

கணக்கு உங்களுக்கு அவன் சொல்லியிருப்பான். எல்லா எண்களாலும் வகுக்க வேண்டியதில்லை, பகா எண்களால் மட்டும் போதும், அதுவும் வர்க்கமூலம் வரைக்கும். அதற்கு மேலே ஒரு பெரிய துண்டு இருந்தால் அதன் ஜோடியான சின்னத் துண்டு முன்பே கையில் சிக்கியிருக்கும். இந்த எண்ணுக்கு அது எழுபத்தையாயிரத்தைத் தாண்டிப் போகிறது. நாங்களே அச்சடித்த அட்டவணையில் அதுவரை ஏழாயிரத்துக்கு மேல் பகா எண்கள். அச்சகம் மூடின பிறகு சேர்ந்த வரைபட அலுவலகத்தில் மலை உயரங்களைச் சரிபார்த்துவிட்டு வந்து, மாலையில் தேநீர் குடித்துவிட்டு இரண்டு வகுத்தல், மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்றையும் இரண்டு முறை செய்வான். பிறகு நான் சரிபார்ப்பேன். இப்படித்தான் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடியது.

நல்ல வருஷங்கள். இந்த மேசைதான். அவன் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். யோசனையில் பென்சிலால் தேநீரைக் கலக்குவான். பிறகு கரண்டியால் எழுதப் பார்ப்பான். நான் இரண்டையும் மாற்றி வைப்பேன். குளிர்ந்தால் தோளில் துணி போர்த்துவேன். உலகம் பெரிய தியாகங்களால் நடக்கிறது என்று நான் நம்பவில்லை. யாரும் கவனிக்காத சின்னச் சின்னக் கருணைகளால்தான் நடக்கிறது. தினமும் கும்பிடும்போது அதைத்தான் கேட்பேன், இன்றைக்கும் ஒரு சின்ன நன்மை செய்ய வழிவிடு என்று. அவரும் விட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வருஷத்துக்கு ஒருமுறை, "மூலத்த இன்னொரு தரம் படி அக்கா, எதுக்கும் பாத்துக்கலாம்" என்பான். அலமாரியின் மேலிருந்து மெஷினை இறக்கி, எண்ணெய்த் துணியைப் பிரித்து, படிப்பேன். மூன்று நான்கு மூன்று. முதல் வருஷம் மட்டும் நாக்கு கொஞ்சம் தயங்கியது. அப்புறம் பழகிவிட்டது.

நடுவில் அவன் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூட வேலை பார்ப்பவர் ஒருவர், எண்ணைச் சொல்லு, நான் ஒரு நொடியில் சொல்கிறேன் என்று கேட்டிருக்கிறார். அவனுக்கும் ஆசைதான், உங்களைக் காக்க வைக்கிறோமே என்று. என்னிடம் வந்து யோசனை கேட்டான். "வாக்கு குடுத்தது நீயா, அந்தப் பெட்டியாடா?" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு பென்சிலைச் சீவ ஆரம்பித்தான். கொடுத்த வாக்கைக் குறுக்கு வழியில் தீர்க்கக்கூடாது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

நீங்களும் அவனைச் சும்மா விடவில்லை. ஒவ்வொரு முறை கண்ணாடி மாற்றப் போகும்போதும், "இன்னைக்கு எத்தன பேரத் திருப்பி அனுப்புனீங்க, மீதி சார்?" என்று கேட்பீர்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். கண்ணாடி மட்டும் வருஷா வருஷம் தடித்துக்கொண்டே போயிற்று. கண்ணுக்கு ஓய்வு வேண்டும், கிட்டத்தில் வைத்துப் பார்க்கிற வேலையைக் குறைக்கச் சொல்லுங்கள் என்று என்னிடம் சொல்லியனுப்பினீர்கள். நான் அலட்சியம் செய்யவில்லை. அன்றிலிருந்து அவன் எழுதியதையெல்லாம் நானே அவனுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன்.

இப்போது அந்த மழைக்காலத்துக்கு வருகிறேன். ஒரு மத்தியானம் நனைந்துகொண்டே வந்து இதே வாசலில் நின்றீர்கள். உங்கள் கடை முதலாளி வேறு ஊரில் கிளை திறக்கிறார், உங்களை அங்கே பொறுப்பாக அனுப்பப் பார்க்கிறார். தம்பி அலுவலகத்தில் இருந்தான். நான் துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தேன், ஞாபகம் இருக்கும். "அந்த எண் கிடக்கட்டும்னு சொல்லுங்க அக்கா. நான் வெளையாட்டுக்குச் சொன்னது. உடைஞ்சாலும் உடையலைன்னாலும் அவரு வரட்டும், ரெண்டு பேருமா போயிடலாம்" என்றீர்கள்.

மாலையில் அவன் வந்ததும் நீங்கள் வந்துபோனதைச் சொன்னேன். நனைந்திருந்தீர்கள் என்றும் சொன்னேன். அவன் கண்ணைப் பற்றி விசாரித்ததாகச் சொன்னேன். அவன் அப்போது ஒரு வகுத்தலின் நடுவில் இருந்தான். நடுவில் பேசினால் இலக்கம் தவறிவிடும். மற்றதை நீங்களே நேரில் சொல்லிக்கொள்வீர்கள், அதுதானே மரியாதை என்று விட்டுவிட்டேன்.

நீங்கள் பதிலுக்காகக் காத்திருந்தீர்கள். பதில் வரவில்லை. எண்தான் அவனுக்குப் பெரிது என்று நினைத்துக்கொண்டு, இரண்டாவது முறை சொல்ல உங்களுக்கும் மனம் வரவில்லை. ஆனாலும் அந்த ஊருக்குப் போகவில்லை, இங்கேயே இருந்துவிட்டீர்கள். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? நல்ல பெண், பொறுமைசாலி என்று அன்றைக்குத்தான் உங்களைப் பற்றி முடிவு செய்தேன்.

என்ன கேட்டீர்கள்? மெதுவாகச் சொன்னதால் காதில் விழவில்லை.

ஆமாம். சொல்லவே இல்லை. இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

தேநீரை நகர்த்தி வைத்துக்கொள்கிறேன், கை பட்டுவிடப்போகிறது.

இடமாற்றம் விஷயம் மட்டும் அவனுக்கு வேறு யார் மூலமாகவோ எட்டிவிட்டது. நீங்கள் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று வெறி பிடித்த மாதிரி செய்தான். மாலைக்கு எட்டு, பத்து வகுத்தல். சோறுகூட இறங்கவில்லை. அப்படிப் போனால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதனால் ஒருநாள், "இந்தத் தாள் கட்டுல நாலஞ்சு கணக்கு ஒத்து வரலடா" என்றேன். எவை என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது, எல்லாமே சரியாகத்தான் இருந்தன. அவன் யார், மீதியல்லவா? சந்தேகம் வந்துவிட்டால் விடுவானா? அந்த வருஷம் செய்தது முழுவதையும் முதலிலிருந்து செய்தான். வேகம் தணிந்தது. நன்றாகச் சாப்பிட்டான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மரச்சாமான் கடையில் நீங்கள் ஒரு தொட்டிலைத் தடவிப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். நல்ல மரம். விலையைக் கேட்டீர்கள், அப்புறம் ஒரு முக்காலியை வாங்கிக்கொண்டு போனீர்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் உங்கள் பேரைச் சொல்லிக் கும்பிட்டேன். அன்றிலிருந்து ஒருநாளும் உங்களை விட்டுவிட்டு நான் பிரார்த்தனை செய்ததில்லை. தம்பிக்கு முன்னால் உங்களைத்தான் சொல்வேன்.

போன மாதம் முடித்தான். கடைசிப் பகா எண்ணாலும் வகுத்துப் பார்த்துவிட்டு, மீதி இருக்கு என்றான், சத்தமே இல்லாமல். பிறகு அந்தத் தடித்த கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதான். உடையவே உடையாத எண் அக்கா, நான் கையாலேயே நிரூபித்துவிட்டேன் என்றான். அது பொய்யில்லை பாருங்கள். அவன் நிரூபித்த எண் நிஜமாகவே பகா எண்தான். அது அந்த மெஷினில் இல்லாத எண், அவ்வளவுதான். அரைமணியில் உங்கள் கடை வாசலில் நின்றான். நீங்களும் தலை நரைத்த பிறகும் ஒரு பேச்சுப் பேசாமல் சரி என்றீர்கள். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை.

கல்யாணப் பத்திரிகையில் அந்த எண்ணையே குத்தி அவனை அசத்த வேண்டும் என்று நீங்கள் மெஷினைக் கேட்டு வந்தபோது, நான் மறுக்காமல் கொடுத்தேன். நினைவிருக்கட்டும். துணியைப் பிரித்து, தூசி தட்டி, நானே பையில் போட்டுத் தந்தேன். இறுகிக் கிடக்கிற இரும்பு, மை எங்கே பிடிக்கப்போகிறது என்றுதான் இருந்தேன். உங்கள் கடையில் லென்ஸ் பொருத்துகிறவருக்கு இவ்வளவு கைத்திறமை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? எவ்வளவு சுத்தமாக விழுந்திருக்கிறது பாருங்கள், நான்கு மூன்று மூன்று. மூன்றின் வயிறுகூட அடைபடவில்லை.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். மற்றவர்களாக இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். நீங்கள், "நெஜ எண்ணு எதால உடையும்?" என்றுதான் கேட்கிறீர்கள். இத்தனை வருஷம் அவனோடு பழகியதில் உங்களுக்கும் தொற்றிக்கொண்டது.

ஏழு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நல்லதுதான். உங்கள் சிரிப்பு எனக்கு எப்போதுமே பிடிக்கும். முகத்தைத் துடைத்துக்கொள்ளத் துண்டு தரட்டுமா? அன்றைக்குத் தந்த அதே துண்டுதான், துவைத்து வைத்திருக்கிறேன்.

ஆக, நான் செய்ததுதான். கண் தவறவில்லை, நாக்குப் பிறழவில்லை. தெரிந்தே செய்தேன். இந்த வீட்டில் எதிரே யாருமில்லாத மேசையில் தனியாக உட்கார்ந்து தேநீர் குடிக்கப் பயந்து செய்தாள் என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் எனக்கென்று நான் எதையாவது கேட்டேனா? எல்லாம் அவனுக்காக.

அச்சகத்தில் இன்னொரு விதியும் இருந்தது. பிழையைக் கண்டுபிடித்தவர் ஓரத்தில் திருத்திக் குறிக்க வேண்டும். யார் செய்த பிழை என்று கேட்கக்கூடாது. அந்த விதியால் எத்தனையோ பேரின் சோறு நிலைத்தது. நீங்கள் எப்படிச் செய்வீர்களோ, உங்கள் விருப்பம். சீட்டை அவனிடம் காட்டினால் நான் மறுக்க மாட்டேன்.

மாடிப்படியில் சத்தம் கேட்கிறது, அவன்தான். மூன்றாவது படியில் எப்போதும் தடுக்குவான்.

சீட்டை மடித்து அவனுடைய பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் வைக்கிறீர்கள். நல்ல இடம். "நானே சொல்றேன். எப்பச் சொன்னா தாங்குவாருன்னு எனக்குத் தெரியும். உங்கள விட்டுட்டுப் போகச் சொல்லவும் மாட்டேன், அக்கா. ஆனா இனிமே அவருக்கு எதையும் நான் படிச்சுக் காட்டுறேன்" என்கிறீர்கள். குரலில் இப்போதும் கோபம் இல்லை. உங்கள் மனசு யாருக்கு வரும்? கும்பிடும்போது இதற்கும் சேர்த்து நன்றி சொல்வேன்.

தாராளமாகப் படித்துக் காட்டுங்கள். ஒரே ஒரு விஷயம் மட்டும். காலையில் முடிவெட்டப் புறப்படும்போது, "இனிமே சாயங்காலத்துல நான் என்னக்கா செய்யறது?" என்று குழந்தை மாதிரி கேட்டான். எனக்கு மனசு தாளவில்லை. அந்த நிஜ எண்ணை ஏழால் வகுத்தால் கிடைக்கிற எண்ணை எடுத்துக் கொடுத்தேன், எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல்தான். அதை முடிக்கும்வரை மாலையில் இங்கேதான் வந்து செய்வதாக எனக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான். பகலெல்லாம் உங்களுக்குத்தான்.

அப்படிப் பார்க்காதீர்கள். ஒன்பது இலக்கம்தான், சீக்கிரம் முடிந்துவிடும். முடியாவிட்டாலும் என்ன, படித்துச் சொல்ல நான்தான் இருக்கிறேனே.